வணிகம் படிக்க எத்தனை வெள்ளி வேண்டும்?

மலேசியாவில் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வெளிவரும் பருவத்தில் என் கைப்பேசிக்கு ஓய்வு கிடையாது. நான் ஆசிரியையும் இல்லை, கல்வி ஆலோசகரும் இல்லை. பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன், அவ்வளவுதான். ஆனால் சொந்தத்தில் ஒருத்தி கணக்கு வேலை பார்த்தால் போதும். காலேஜ் பாரம், இன்சூரன்ஸ் பாரம், வீட்டுக்கடன் பாரம் எல்லாம் அவள் மேசைக்கே வந்து சேரும். வருகிறவர்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்வி: "பிள்ளை பிசினஸ் படிக்கணுங்குது. செலவு கம்மியா எந்தக் காலேஜ்?"

நான் திருப்பிக் கேட்பது: "பணம் எப்ப கட்டச் சொல்றாங்க?"

கட்டணப் பட்டியலைப் புரட்டுவதற்கு முன்பே அந்தத் தேதி எனக்குப் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். நம் நாட்டில் குறைந்த செலவில் படிக்கும் வழிகள் எல்லாமே மெதுவாகத் திறப்பவை. ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், பாலிடெக்னிக், யு.பி.யு. (அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு மனுச் செய்யும் பொது வழி) எல்லாவற்றின் பதிலும் எஸ்.பி.எம். முடிவு வந்த பிறகு ஒவ்வொன்றாக, அததற்கான வேகத்தில்தான் வரும். தனியார் கல்லூரிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. முன்னோட்டத் தேர்வு மதிப்பெண்ணைக் காட்டினாலே இடம் தருகிறார்கள். பேரங்காடி நடுவில் மேசை போட்டு, பலூன் கட்டி, "இந்த வாரத்துக்குள் பதிந்தால் தள்ளுபடி" என்கிறார்கள். பிள்ளை வீட்டில் சும்மா படுத்துக்கொண்டு போனைத் தடவுவதை அப்பா அம்மாவால் பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை. அடுத்த வீட்டுப் பெண் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு காலேஜுக்குக் கிளம்பிவிட்டாள் என்றால் கேட்கவே வேண்டாம். அரசாங்கத்தின் பதில் வருவதற்குள் இங்கே பதிவுக் கட்டணம் கட்டியாகிவிடும். நம் குடும்பங்களில் கல்லூரிக்காகப் பறிபோகும் பணத்தில் பெரும்பங்கு இந்தச் சில மாதப் பதற்றத்தில் போவதுதான் என்பது என் கட்சி.

என் அக்கா தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில் இருக்கிறாள். அவள் மகள் விஷயத்தில் அத்தான் ஒரு மின்னும் கோப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கல்லூரி பெயரை விட்டுவிடுகிறேன். முன்பக்கத்தில் நீச்சல் குளத்தோரம் சிரிக்கும் மாணவர்கள். உள்ளே முதல் வரியிலேயே பத்தாயிரம் வெள்ளி (ரிங்கிட்) உபகாரச் சம்பளம் என்று தடித்த எழுத்து. அத்தானுக்கு அந்த வரி போதும். "பாத்தியாம்மா, எஸ்.பி.எம். முடிவே இன்னும் வரல, அதுக்குள்ள ஸ்காலர்ஷிப் குடுத்துட்டாங்க!"

முடிவு வருவதற்கு முன்பே கொடுக்கும் உபகாரச் சம்பளத்துக்குக் கடைக்காரர் மொழியில் கழிவு என்று பெயர். நான் பட்டியலைத் தலைகீழாகப் படிக்க ஆரம்பித்தேன். அடியில் சின்ன எழுத்தில் விண்ணப்பக் கட்டணம், பதிவுக் கட்டணம், திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை, தவணைதோறும் (செமஸ்டர்) வளக் கட்டணம், அதே தவணைக்குத் தேர்வுக் கட்டணம், கட்டாயப் பொதுப்பாடங்களான எம்.பி.யு.வுக்குத் தனிக் கணக்கு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் பட்டம் தருவதால் அதற்கும் ஆண்டுக்கு ஒரு தொகை. எல்லாவற்றுக்கும் கீழே ஒரு நட்சத்திரக் குறி: கட்டணம் முன்னறிவிப்பின்றி மாறலாம். ஒரு பாடத்தில் தவறினால் அதைத் திரும்ப எடுக்க எவ்வளவு என்று எங்குமே இல்லை. உபகாரச் சம்பளம் தொடர வேண்டுமானால் ஒவ்வொரு தவணையிலும் எடுக்க வேண்டிய புள்ளி மட்டும் இருந்தது. ஒரு தவணை சறுக்கினால் பத்தாயிரத்தில் மிச்சம் போய்விடும். மூன்று ஆண்டுப் பட்டத்துக்கு முன்னால் அடிப்படைக் கல்வி (பவுண்டேஷன்) ஓராண்டு உண்டு என்பதும், அதற்கு வேறு பட்டியல் என்பதும் அத்தான் போன் போட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது.

அந்தக் கல்லூரி ஏமாற்றுகிறது என்று சொல்ல மாட்டேன். எல்லாம் தாளில் இருக்கிறது. படிக்கத்தான் நமக்குப் பொறுமை இல்லை.

வணிகப் படிப்பைப் பற்றி எனக்கு ஒரு திடமான எண்ணம் உண்டு. பல் மருத்துவம் படிக்க நாற்காலி வேண்டும், எந்திரவியலுக்குப் பட்டறை வேண்டும். வணிகம் படிக்க நல்ல ஆசிரியர், புத்தகம், எக்செல் ஓடும் ஒரு மடிக்கணினி போதும். விலை கூடிய கல்லூரிக்கும் குறைந்த கல்லூரிக்கும் பாடத்தில் உள்ள வித்தியாசம் மிகக் குறைவாக இருக்கும் துறை இதுதான். விலையில் உள்ள வித்தியாசமோ மலைக்கும் மடுவுக்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் கிளைகளில் முழுப் பட்டத்துக்கு ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிப் போவது சாதாரணம். அந்த ஒரு லட்சத்தில் குளிரூட்டிய மண்டபமும் நீச்சல் குளமும் அடக்கம். வேலைப் பயிற்சிக்குப் பெரிய நிறுவனங்களோடு தொடர்பும் கொஞ்சம் கிடைக்கும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் எங்கள் அலுவலகத்துக்கு ஆள் எடுக்கும்போது நான் பக்கத்தில் இருந்திருக்கிறேன். எந்தக் கல்லூரி என்பதைவிட, வங்கிக் கணக்கையும் பேரேட்டையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கத் தெரியுமா, ஆங்கிலத்தில் நாலு வரி மின்னஞ்சல் எழுத வருமா என்றுதான் பார்க்கிறார்கள்.

சரி, மலிவு எங்கே?

முதலில் ஆறாம் படிவம். இதைச் சொன்னாலே பிள்ளைகள் முகம் சுருங்கும். தோழிகள் எல்லாம் காலேஜ் போக, தான் மட்டும் மறுபடி பள்ளிக்கூடமா என்ற வெட்கம். ஒன்றரை ஆண்டு, மூன்று பருவம், கட்டணம் என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இல்லை. பொதுப்பாடம் கட்டாயம், அதோடு வணிகவியல், பொருளியல், கணக்கியல் எடுத்தால் பட்டப்படிப்பின் முதல் ஆண்டில் வருவதில் பாதியை அங்கேயே பார்த்துவிடலாம். ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம்.மில் தமிழ்மொழியையும் ஒரு பாடமாக எடுக்கலாம். தமிழ்ப்பள்ளியில் இருந்து விடாமல் தமிழ் படித்து வந்த பிள்ளைகளுக்கு அது கைகொடுக்கும் பாடம். எஸ்.டி.பி.எம். கடினம் என்பது உண்மை. இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு பருவத் தாளில் புள்ளி சரியில்லை என்றால் திரும்ப எழுத வழி உண்டு.

மெட்ரிகுலேஷன் என்பது அரசாங்கம் நடத்தும் பல்கலைக்கழக முன்படிப்பு, ஓராண்டு. அதில் கணக்கியல் பிரிவும் இருக்கிறது. பினாங்கு மெட்ரிகுலேஷன் கல்லூரி கெப்பாலா பத்தாஸில், பட்டர்வொர்த்தில் இருந்து கூப்பிடு தூரம். இட ஒதுக்கீட்டைப் பற்றி நம் வீடுகளில் ஆண்டுதோறும் நடக்கும் புலம்பலை இங்கே எழுத வேண்டியதில்லை. 2024-இல் ஒரு மாற்றம் வந்தது: எஸ்.பி.எம்.மில் 10ஏ அல்லது அதற்கு மேல் எடுத்த பிள்ளைகளுக்கு இனப் பாகுபாடின்றி இடம் உறுதி என்று அரசாங்கம் அறிவித்தது. அந்த உயரத்துக்கு எட்டாத நடுத்தர மதிப்பெண் பிள்ளைகள்தான் நம்மிடம் அதிகம், அவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அவர்களுக்கு நான் சொல்லும் இரண்டாவது வழி பாலிடெக்னிக். பெர்மாத்தாங் பாவில் செபராங் பிறை பாலிடெக்னிக் இருக்கிறது. வணிகத் துறையும் உண்டு. படிப்புக் கட்டணம் ஒரு தவணைக்கு 200 வெள்ளி. இருநூறுதான், பூஜ்யம் எதுவும் விட்டுப்போகவில்லை. டிப்ளோமா முடித்தால் வேலைக்கும் போகலாம், யு.பி.யு. வழியாகப் பட்டத்துக்கும் மனுச் செய்யலாம், தனியார் பல்கலைக்கழகத்தில் சில பாடங்களைக் கழித்துக்கொண்டு நடுவிலும் சேரலாம். பாலிடெக்னிக் என்றால் பையன்கள் வெல்டிங் படிக்கும் இடம் என்று நம்மவர்கள் இன்னமும் நினைத்துக்கொண்டிருப்பதால், கணக்கியல் டிப்ளோமா அங்கே உண்டு என்பதே பலருக்குச் செய்தியாக இருக்கிறது.

இந்த வழிகளின் மறுமுனையில்தான் அரசுப் பல்கலைக்கழகங்கள். நமக்குக் கண்ணெதிரே மிண்டனில் 1969-இல் தொடங்கிய யு.எஸ்.எம். இருக்கிறது; அங்கே மேலாண்மைத் துறை நல்ல பெயரோடு நடக்கிறது. வடக்கே போனால் கெடா சிந்தோக்கில் யு.யு.எம். 1984-இல் மேலாண்மைக் கல்வியை முன்வைத்துத் தொடங்கப்பட்டது. காட்டுக்குள்ளே இருக்கிறது, தாய்லாந்து எல்லை பக்கம், வார விடுமுறை என்றால் சுற்ற இடமில்லை என்று பிள்ளைகள் குறை சொல்வார்கள். பெற்றோருக்கு அதுவே ஒரு வசதி. விடுதியைச் சேர்த்தும் ஆண்டுக்குச் சில ஆயிரம் வெள்ளியில் காரியம் முடியும்.

யு.பி.யு.வில் இடம் தரும்போது எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் மாணவர்களுக்குக் கல்விப் புள்ளி 90 விழுக்காடு, புறப்பாடம் 10 விழுக்காடு. இந்தப் பத்தில்தான் நம் பிள்ளைகள் கோட்டைவிடுவார்கள். சாரணர் இயக்கம், மன்றச் செயலாளர் பதவி, மாவட்ட ஓட்டப்பந்தயம் எல்லாம் வேண்டாத வேலை என்று டியூஷனுக்கு அனுப்பிவிடுவோம். பிறகு அரைப் புள்ளியில் இடம் போகும்போது கோபம் வரும். சான்றிதழ்களைப் படிவம் ஒன்றில் இருந்தே ஒரு கோப்பில் போட்டு வைக்கச் சொல்லி அக்காவிடம் சொல்லியிருந்தேன். அவளும் வைத்திருந்தாள், ஒரு பழைய பிஸ்கட் டின்னில்.

இன்னொன்று. யு.பி.யு.வில் கிடைக்கவில்லை என்றால் சில அரசுப் பல்கலைக்கழகங்கள் நேரடிச் சேர்க்கை என்ற வழியைக் காட்டும். அதே வளாகம், அதே பட்டம், ஆனால் அரசாங்க மானியம் இல்லாத கட்டணம், பல மடங்கு. "அரசாங்க யுனிவர்சிட்டிதானே" என்று கையெழுத்துப் போடாதீர்கள். பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

எல்லாக் கதவும் சாத்தியாயிற்று, தனியார்தான் என்றால், அதிலும் லாப நோக்கில்லாமல் தொடங்கியவை இருக்கின்றன. தஞ்சோங் பூங்காவில் டார் யு.எம்.டி.யின் பினாங்குக் கிளை இருக்கிறது. 1969-இல் டார் காலேஜாகத் தொடங்கி, 2022-இல் முழுப் பல்கலைக்கழகமானது. பழைய ஆட்கள் இன்னும் டார் காலேஜ் என்றுதான் சொல்வார்கள். கணக்கியல் படிக்கப் பல ஆண்டுகளாகப் பெயர்போன இடம். மற்ற தனியார் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டால் கட்டணம் மூச்சு விடும்படி இருக்கும். சீனப் பிள்ளைகள்தான் அங்கே அதிகம். அதனாலேயே நம்மவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருந்துவிடுகிறார்கள். இடம் எல்லா இனத்துக்கும் உண்டு, பாடம் ஆங்கிலத்தில். அக்கா வீட்டில் இருந்து மோட்டாரில் போனால் பாலத்தில் டோல் இல்லை. 2019 தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு அதை எடுத்துவிட்டார்கள். இல்லையென்றால் பெர்ரி ஏறி, ஜெட்டியில் இறங்கி, 101 பஸ். வீட்டில் சாப்பிட்டு வீட்டிலேயே தூங்கும் பிள்ளைக்கு அறை வாடகை இல்லை. இந்த ஒரு வரி எந்தக் கையேட்டிலும் வராது. ஆனால் மூன்று ஆண்டு மொத்தத்தில் அதற்குப் பெரிய இடம் உண்டு.

பேராக் காம்பாரில் யுடார் பல்கலைக்கழகம் இருக்கிறது, 2002-இல் தொடங்கியது. கெடா பீடோங் பக்கம் செமிலிங்கில் எம்.ஐ.இ.டி. என்ற கல்வி அறநிறுவனத்தின் ஏம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. மருத்துவத்துக்கு அறியப்பட்ட இடம் என்றாலும் வணிகப் படிப்பும் உண்டு, நம் பிள்ளைகள் நிறைய. இரண்டுக்கும் தங்கிப் படிக்கும் செலவைச் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

எந்தத் தனியார் கல்லூரியாக இருந்தாலும் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் எம்.கியூ.ஏ.வின் பதிவேட்டைத் திறந்து பார்க்காமல் ஒரு வெள்ளிகூடக் கட்டக்கூடாது. இணையத்தில் யாரும் பார்க்கலாம், இலவசம். கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது போதாது. நீங்கள் சேரப்போகும் அதே படிப்பு, அதே வளாகத்துக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோலாலம்பூர் வளாகத்துக்கு வாங்கிய அங்கீகாரம் பினாங்குக் கிளைக்குத் தானாக வந்துவிடாது. தற்காலிக அங்கீகாரம், முழு அங்கீகாரம் என்று இரண்டு வகை உண்டு. புதிதாகத் தொடங்கிய படிப்புக்குத் தற்காலிகம்தான் இருக்கும். முதல் அணி மாணவர்கள் இறுதி ஆண்டை எட்டும்போது கல்லூரி முழு அங்கீகாரத்துக்கு மனுச் செய்யும். தற்காலிகம் என்பதால் ஓட வேண்டியதில்லை. அந்த முதல் அணியில் உங்கள் பிள்ளை இருக்கிறாள் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

கணக்கியல் படிக்கப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. பட்டம் வாங்கினால் உடனே கணக்காளர் என்று எழுதிக்கொள்ள முடியாது. எம்.ஐ.ஏ. என்ற மலேசியக் கணக்காளர் கழகத்தில் உறுப்பினராக வேண்டும், 1967-ஆம் ஆண்டுக் கணக்காளர் சட்டத்தின் அட்டவணையில் உங்கள் பட்டம் இருந்தால் அனுபவத்தோடு நேராகப் போகலாம். இல்லையென்றால் ஏ.சி.சி.ஏ. போன்ற தொழில்முறைத் தேர்வு எழுத வேண்டும். ஏ.சி.சி.ஏ.வில் மொத்தம் 13 தாள், பட்டத்தைப் பொறுத்து 9 தாள் வரை விலக்குக் கிடைக்கும். ஐந்தாயிரம் வெள்ளி மலிவாகக் கிடைத்த பட்டத்துக்கு மூன்று தாள் விலக்குத்தான் என்றால், மிச்சத் தாள்களுக்கு இங்கிலாந்து பவுனில் கட்டணம் கட்டும்போது அந்த மலிவு காணாமல் போய்விடும். முகப்பில் உட்கார்ந்திருக்கும் ஆலோசகருக்கு இது தெரியாமல் இருக்கலாம். துறைத் தலைவரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். விலக்குப் பட்டியலை ஏ.சி.சி.ஏ. இணையத்தளத்திலேயே பார்க்கலாம்.

கடனுக்கு வருவோம். 1997-இல் பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் வந்த பிறகு, "கடன் இருக்கே, அப்புறமென்ன" என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் ஒட்டிக்கொண்டது. தனியாரில் பட்டம் படிக்க, வருமானம் குறைந்த குடும்பத்துக்கே ஆண்டுக்கு அதிகபட்சம் 13,600 வெள்ளி வரைதான். மூன்று ஆண்டுக்கு 40,800. ஆண்டுக்கு ஒரு விழுக்காடு நிர்வாகக் கட்டணம் சேர்த்து 15 ஆண்டில் அடைப்பதாக வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 260 வெள்ளி. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ஆகியிருக்கிறது. அதற்குச் சற்று மேலே தொடங்கும் ஒரு புதிய குமாஸ்தா பெண்ணுக்கு அந்த 260 என்பது மோட்டார் தவணை. கடன் கல்லூரிக் கட்டணத்தை மூடாவிட்டால் மிச்சத்தை அப்பா அம்மாதான் கட்ட வேண்டும். கடனும் பதிந்த உடனே கைக்கு வராது, எஸ்.எஸ்.பி.என். என்ற சேமிப்புக் கணக்கு திறந்து, மனுச் செய்து, ஒப்பந்தம் முடிந்துதான் வரும். கல்லூரியோ முதல் தவணையை முதல் நாளே கேட்கும். அந்த இடைவெளியில்தான் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது.

அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு. ஊழியர் சேமநிதியில் செஜாத்ரா என்ற கணக்கில் இருந்து பிள்ளையின் படிப்புக்கு எடுக்கலாம். எவ்வளவு எடுத்தால் ஓய்வுக்கு எவ்வளவு குறையும் என்று அத்தானை உட்கார வைத்துக் காட்டிவிட்டுத்தான் பாரத்தைக் கொடுத்தேன். எம்.ஐ.இ.டி. கடன் தருகிறது. துன் சம்பந்தன் காலத்தில் தோட்டத் தொழிலாளர் காசில் உருவான தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அங்கத்தினர் பிள்ளைகளுக்கு உதவுகிறது. தாத்தா பாட்டி பெயரில் பங்கு இருக்கிறதா என்று பழைய பெட்டியைத் தேடிப் பாருங்கள். பினாங்கு இந்து அறப்பணி வாரியம் உயர்கல்விக்குப் போகும் மாணவர்களுக்கு நிதி கொடுக்கிறது. இவை எதுவும் முழுச் செலவைத் தாங்காது. முதல் தவணையைத் தாங்கினால் சங்கிலி வீட்டில் இருக்கும்.

அக்கா மகள் ஆறாம் படிவத்துக்குப் போனாள். மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "சித்தி, எல்லாம் உங்களாலதான்" என்றாள். இப்போது இரண்டாம் பருவம். பொருளியல் ஆசிரியரைப் பற்றி அவளுக்கு ஏகப்பட்ட குறை, கணக்கியலில் மட்டும் கை ஓடுகிறது. யு.எஸ்.எம். கிடைக்குமா, யு.யு.எம்.மா, டார் யு.எம்.டி.யா என்பது எஸ்.டி.பி.எம். முடிவு வந்தால் தெரியும். அத்தான் இன்னும் பாதி நம்பிக்கையில்தான் இருக்கிறார்.

பதினேழு வயதில் சேராவிட்டால் படிப்பு போயிற்று என்ற நினைப்பும் இந்த அவசரத்துக்கு ஒரு காரணம். ஜார்ஜ் டவுனில் ஜாலான் சுல்தான் அகமட் ஷாவில், பழைய மாளிகை ஒன்றோடு சேர்ந்த வளாகத்தில் வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 21 வயதுக்கு மேல் ஆகி, வேலை அனுபவம் இருந்தால், ஏப்பெல் என்ற அனுபவ மதிப்பீட்டில் தேறி, எஸ்.டி.பி.எம். இல்லாமலே பட்டப்படிப்பில் சேரலாம். பாடம் பாடமாகக் கட்டணம் கட்டலாம். கையில் காசு இருந்தால் இரண்டு மூன்று, இல்லையென்றால் ஒன்று. எங்கள் தொழிற்சாலையில் உற்பத்தி வரிசையைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அக்கா அப்படித்தான் வணிக நிர்வாகம் படிக்கிறார். இரவு ஷிப்ட் முடிந்து கேண்டீனில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, ரொக்க ஓட்டத்துக்கும் லாபத்துக்கும் என்ன வித்தியாசம் என்று என்னைக் கேட்பார். நான் எங்கள் கம்பெனி கணக்கையே உதாரணமாகச் சொல்வேன், மேலாளர் காதில் விழாமல். அடுத்த தவணைக்கு ஒரே பாடம்தான் எடுக்கப் போகிறாராம், மகளுக்கு இந்த ஆண்டு எஸ்.பி.எம்.